ஒட்டிக் கொடுத்த படங்கள்

எங்கள் வீட்டில் நாலு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. காரணம் நான்தான். கேமரா எப்போதும் என் கையில் இருந்தது. அம்மா, அப்பா, அண்ணன் மூன்று பேரையும் நிற்க வைத்து எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். டைமரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பது எனக்குத் தெரியாததல்ல. வீட்டில் சோம்பல், அவ்வளவுதான்.

அண்ணன் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஊரு பிள்ளைங்களையெல்லாம் ஒட்டிக் குடுக்கறே. உங்க அண்ணனை ஒட்ட மாட்டியா?"

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

"வருஷ திதிக்குள்ள ஒரு படம் செஞ்சி குடு பாப்பா. நாலு பேரும் இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு பத்து மாதம் அந்தப் படத்தைச் செய்யாமல் ஓட்டினேன். அந்தப் பத்து மாதத்தைத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில், இல்லாதவர்களைப் படத்தில் சேர்த்து ஒட்டுகிற இந்த வேலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஃபார்ம் த்ரீயோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். ஜார்ஜ்டவுனில் ஒரு ஸ்டூடியோவில் ஐசி என்கிற அடையாள அட்டைக்குப் படம், பாஸ்போர்ட் படம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் கணினியில் முகத்தை வெள்ளையாக்குவது, பருவை அழிப்பது எல்லாம் கற்றுக்கொண்டேன். பிறகு சொந்தமாக ஒரு பழைய கேமரா வாங்கி, பிறந்தநாள், காது குத்து, சின்னக் கல்யாணம் என்று எடுக்க ஆரம்பித்தேன். நாலு பேர் என்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லாரும் எம்.சி.ஓ. என்று சொன்னோம். கல்யாணம் கிடையாது, கோயில் கிடையாது, ஸ்டூடியோ கதவு மூடியது. நான் கேமராவைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

அண்ணனும் வீட்டில்தான் இருந்தான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன், சில வாரம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் பிளாட்டின் மூன்றாம் மாடி அக்கா போன் செய்தார். பிள்ளைக்கு முதல் பிறந்தநாள், யாரும் வர முடியாது, ஒரு நல்ல படமாவது வேண்டும் என்றார். பக்கத்தில் போக எனக்குப் பயம். அண்ணன் சொன்னான்:

"நீ கீழ கார் பார்க்குல நில்லு. அவங்க அவங்க வீட்டு வாசல்ல நிக்கட்டும். கோரோனா என்ன படியிறங்கி வந்து உன்னைத் தேடவா போவுது?"

அப்படியே செய்தோம். நான் கார் பார்க்கில், பெரிய லென்ஸோடு. அக்கா குடும்பம் மூன்றாம் மாடி நடைபாதையில், கேக்கோடு. அண்ணன் ஐந்தாம் மாடியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, எட்டிப் பார்த்துக் கத்தினான். அவன் குரலுக்கு மைக் தேவையில்லை.

"அக்கா, கொஞ்சம் இடது பக்கம் வாங்க. உங்க இடது இல்லக்கா, கீழ நிக்கற பாப்பாவோட இடது. அண்ணே, வயித்தை உள்ள இழுங்க. முடியலையா? சரி, கேக்கை முன்னால பிடிங்க."

நாலாம் மாடியில் சட்டை உலர்த்திக்கொண்டிருந்த சீன அங்கிள், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். படத்தில் அவரும் இருக்கிறார். அக்கா அவரை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அவரு ஒருத்தர் தான் லா விருந்தாளி" என்றார்.

அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்குப் பிறகு எங்கள் பிளாக், பக்கத்துப் பிளாக், கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் ஜெலுத்தோங் பக்கம் என்று ஆட்கள் கூப்பிட்டார்கள். வாசல் கேட்டுக்கு வெளியே நின்று எடுத்தேன். முகக்கவசத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. கல்யாணப் பெண் புடவைக்கு ஏற்ற மாதிரி ஜாக்கெட் துணியிலேயே முகக்கவசம் தைத்துப் போட்டிருப்பாள். அதைக் கழற்றச் சொன்னால் உதட்டுச் சாயம் முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் காலம் பிடித்திருந்தது. ஊரே பயந்து கிடந்தது. நானும் பயந்தேன். ஆனாலும் பிடித்திருந்தது.

ஒட்டுவதும் அப்போதுதான் ஆரம்பித்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருத்தர் குறைவார். மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில், வர வழியில்லை. "நீ இருக்கறவங்களை எடு, அவனை நான் போன்ல அனுப்பறேன், சேர்த்து ஒட்டிக் குடு" என்பார்கள். ஸ்டூடியோவில் எனக்கு இந்த வேலை பழக்கம். கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன அப்பாவை மணமக்களுக்குப் பின்னால் வைத்துக் கேட்பார்கள்; எத்தனையோ அப்பாக்களை அப்படி வைத்திருக்கிறேன். அதே வேலைதான், ஆள் மட்டும் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தொற்றின் இரண்டாம் வருஷம் ஆடி மாதம் அண்ணனுக்குக் கோரோனா வந்தது. தொழிற்சாலையில் பலருக்கு வந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது தானே நடந்துபோய் ஏறினான். ஏறும்போது, "பாப்பா, சார்ஜரை மறந்துட்டேன், எடுத்துட்டு வா" என்றான். நான் மேலே ஓடி எடுத்து வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஒன்பது நாள். அவ்வளவுதான். பத்து கந்தோங் என்கிற இடத்துச் சுடுகாட்டில் எங்களைத் தூரத்தில் நிற்க வைத்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். அவனுக்கு அப்பா வைத்தார். பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும் என்றபோது, தொழிற்சாலை அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினேன். அதில் அவன் திருடன் மாதிரி இருப்பான். அவனே சொல்வான்.

அன்றிலிருந்து அந்தப் படம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்குகிறது. அது போதாது என்றுதான் அம்மா என்னைக் கேட்டாள்.

மூன்று மாதம் கழித்துத் தீபாவளி. எங்களுக்கு அந்த வருஷம் கிடையாது. அப்போது பட்டர்வொர்த்தில் இருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். முன்பு அவர் வீட்டு விசேஷம் ஒன்றை எடுத்திருக்கிறேன். மகன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டான், இரண்டாவது தீபாவளியாக வர முடியவில்லை, குடும்பப் படத்தில் அவனை ஒட்டித் தர வேண்டும் என்றார்.

"அக்கா, எங்க வீட்டுல அண்ணன் இறந்து இன்னும் வருஷம் ஆவல. நல்ல நாள் அதுவுமா நான் வரலாமான்னு வீட்டுல கேட்டுக்குங்க."

அக்கா போனிலேயே வீட்டில் யாரையோ கேட்டார். பிறகு சொன்னார்:

"நீ கேட்டுக்கு வெளிய நின்னு தானே எடுக்கப் போறே? கேட்டுக்கு வெளிய தீட்டு கிடையாது. வா."

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் போனேன். எல்லாரும் புதுத்துணியில் வாசலில் நின்றார்கள். மகனுக்கு இடம் விட வேண்டும். இடம் விடுங்கள் என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள், தெரியாமலே நெருங்கி நெருங்கி வந்து மூடிவிடுவார்கள். அதனால் அந்த இடத்தில் எதையாவது நிறுத்துவது என் வழக்கம். அந்த வீட்டில் ஸ்டாண்டு ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, மகனின் சட்டையை அதற்குப் போட்டார்கள்.

"உயரம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா ஃபேன் ஒல்லி. அவன் அங்க ரூம்மேட் சமையல் தின்னு ஊதிட்டான்" என்றார் அவன் அப்பா.

மூன்று படம் எடுப்பதற்குள் வீட்டின் கடைசிக் குட்டி ஓடிப்போய் ஃபேனைக் கட்டிப் பிடித்தது. ஃபேன் சாய்ந்தது. அப்பா அதைத் தூக்கி உள்ளே வைத்தார். திரும்பி வந்து நின்றபோது இடம் மூடிப்போயிருந்தது. பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டார்கள். நான், "பரவால்லக்கா, அவரைப் பின்னால வெச்சிடறேன்" என்றேன்.

அங்கேதான் தப்பு. மகன் அனுப்பிய படம் அவன் அறையில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தது, முகமெல்லாம் வெளுத்திருந்தது. அவனை மார்பு வரை வெட்டி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில், பின்னால் கொஞ்சம் மேலே வைத்தேன். வெட்டிய கோடு தெரியாமல் இருக்க ஓரத்தைப் புகை மாதிரி மெதுவாக்கினேன். இறந்துபோன அப்பாக்களுக்குச் செய்து செய்து கை பழகிய வழியிலேயே போயிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அழகாக இருப்பதாகவே பட்டது.

தீபாவளிக் காலையில் அக்கா அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். கீழே, "என் செல்லமே, நீ எப்போதும் எங்களோடுதான் இருக்கிறாய்" என்று வேறு எழுதினார்.

பத்து மணிக்குள் தாசேக் கெலுகோரிலிருந்து பெரியம்மா போன் செய்து, ஹலோகூடச் சொல்லவிடாமல் அழுதாராம். நிபோங் திபாலிலிருந்து சித்தப்பா, "பார்டர் மூடியிருக்கே, எப்படிக் கொண்டு வரப் போறீங்க?" என்று கேட்டாராம். ஒரு மாமா இன்னும் மேலே போய், விவரம் கேட்கலாம் என்று மகனின் நம்பருக்கே போன் செய்திருக்கிறார்.

"தம்பி, நீ அவனுக்குக் கூட்டாளியா? எப்படிப்பா ஆச்சு?"

"மாமா, நான் தான் பேசறேன் மாமா."

"நீயாடா? அப்ப செத்தது யாரு?"

இதையெல்லாம் அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். திட்டத்தான் கூப்பிட்டார், பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உயிரோட இருக்கற பிள்ளையைச் சாமி ஆக்கிட்டியேம்மா" என்றார். பிறகு, "கொஞ்ச நேரம் எனக்கே பயமாப் போச்சி. வீடியோ கால் போட்டு மூஞ்சியப் பார்த்துட்டு தான் இட்லி சாப்பிட்டேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே வேறு படம் செய்து அனுப்பினேன். இந்த முறை அவனை ஓரமாக, கால் தெரிய, வெயிலுக்கு ஏற்ற நிறத்தில், தரையில் நிழல் விழ நிற்க வைத்தேன்.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். அண்ணன் இறந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனைத் திறந்து, "டேய், இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று அடித்தும்விட்டேன். மேலே அண்ணன் பேர் இருந்தது. கடைசியாக அவன் அனுப்பியது, "சார்ஜர் எங்க".

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நான் ஏன் அம்மாவின் படத்தைத் தள்ளிக்கொண்டே வருகிறேன் என்று. என் கைக்கு இறந்தவர்களை ஒட்டத்தான் நன்றாக வருகிறது. உயிரோடு இருந்தவனையே அப்படி ஆக்கிவிட்டது. அண்ணனை ஒட்டினால் அவன் இறந்தவன் என்று யாருக்கும் பார்த்த உடனே தெரிகிற மாதிரித்தான் வருவான். அம்மா கேட்பது அது இல்லை.

மாதங்கள் போயின. அம்மா நேராகக் கேட்கமாட்டாள். சுவரைத் துடைக்கும்போது, "இந்த ஆணியில மாட்டலாம்" என்று பொதுவாகச் சொல்வாள். கடையிலிருந்து தாப்பாவ் பண்ணி வந்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, "வைகாசி பொறந்திடுச்சி, அடுத்து ஆனி, ஆடி" என்பாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். பழைய படங்களைத் தேடி, தொற்றுக்கு முந்திய தீபாவளிக் காலையில் வாசலில் எடுத்த ஒன்றைக் கண்டுபிடித்தேன். அம்மா, அப்பா, ஓரத்தில் அண்ணன். அப்பாவின் வேட்டியில் விலைச் சீட்டு தொங்குகிறது. அண்ணன் வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் எடுத்துத் தொலை, பசிக்கிறது என்றுதான் இருக்கும். வாய் திறந்திருந்ததால் அந்தப் படம் கெட்டுப்போனது என்று யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். ஆனால் இருப்பதிலேயே அவன் அவனாக இருந்தது அதில்தான்.

அவனை அதிலிருந்து வெட்ட ஆரம்பித்தேன். காது, கழுத்து, தோள், ஜிப்பாவின் சுருக்கம். ஒரு மணி நேரம் ஆனது. வெட்டி எடுத்ததும், அப்பாவுக்குப் பக்கத்தில் அவன் நின்ற இடத்தில் அவன் வடிவத்திலேயே ஓர் ஓட்டை, கணினி வெற்றிடத்துக்குக் காட்டுகிற சாம்பல் கட்டங்களாக. ஆயிரம் தடவை பார்த்த ஓட்டைதான். அன்றைக்குக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டே பின்னால் வந்து நின்றாள்.

"ஏன் அவனை அங்கேர்ந்து எடுத்தே?"

"எடுத்தா தானே புதுப் படத்துல ஒட்ட முடியும்."

"புதுப் படம் எதுக்கு? அவன் இங்கேயே நல்லா தானே நின்னுக்கிட்டிருக்கான். யார் இல்ல இதுல?"

நான் திரையைப் பார்த்தேன்.

"நீ தான் இல்ல. நீ போய் நில்லு."

அப்பா நாற்காலியில் இருந்து திரும்பினார். அவர் இந்த மாதிரி விஷயத்தில் எல்லாம் வாயைத் திறக்க மாட்டார். அன்று திறந்தார்.

"உயிரோட இருக்கற பொண்ணை வெட்டி அவன் பக்கத்துல ஒட்டறதா? வேணாம். நல்லதில்ல."

"அந்தப் படத்துல அவனும் உயிரோட தான் இருக்கான்" என்றாள் அம்மா.

அப்பா டிவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "என் வேட்டியில சீட்டு தொங்குது, அதை அழிச்சிடு" என்றார். அது சம்மதம்.

மறுநாள் காலையில் அதே வாசலில் என்னை எடுக்க வேண்டும். அதே தீபாவளிக்கு நான் போட்டிருந்த சுடிதாரை அம்மா எங்கிருந்தோ தேடி எடுத்தாள். கை நுழையவில்லை. அம்மா பக்கத்துத் தையலைப் பிரித்து, பின்னால் ஊசி குத்திவிட்டாள். படத்தில் முன்பக்கம்தானே தெரியப் போகிறது. வெளிச்சம் எத்தனை மணிக்குப் பொருந்துகிறது என்று பார்த்தேன். ஒன்பதுக்குச் சரியாக வந்தது. அன்றைக்கு நான் நின்ற இடம் எதிர்வீட்டுச் செருப்பு அலமாரி ஓரம். அம்மா என்னைவிடக் குள்ளம், அதனால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினேன். கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். அம்மா அதுவரை அதைத் துணியால் துடைத்ததுகூட இல்லை, பயம்.

எதிர்வீட்டுச் சீன அன்ட்டி கதவைத் திறந்து, வாளிமேல் நிற்கிற அம்மாவைப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அம்மா மலாயிலேயே, மகளைப் படம் எடுக்கிறேன், தள்ளி நில்லுங்கள், வெளிச்சம் மறைக்கிறது என்றாள். அவர் தள்ளி நின்று, கடைசிவரை பார்த்தார்.

"எங்க அமுக்கணும்?"

"வலது பக்கம் மேல, பெரிய பட்டன்."

"நீ தெரியல. எல்லாம் கறுப்பா இருக்கு."

"மூடியைக் கழட்டும்மா."

அப்பாவை அண்ணன் நின்ற இடத்தில் நிறுத்தி, தோளை எங்கே இடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு, பிறகு அவரைப் போகச் சொன்னேன். அவர் போன பிறகு என் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சுவரும் குழாயும்தான். அம்மா அமுக்கினாள், அமுக்கினாள். எடுத்ததையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். கால் இல்லை, தலை இல்லை. தலை இருக்கிற படத்தில் முகம் சரியில்லை. அழப் போகிறவள் மாதிரி நிற்கிறேன்.

"மூஞ்சிய அப்படி வெக்காத" என்றாள் அம்மா. "அவன் உன் காது பக்கத்துல ஏதோ சொல்றான்னு நினைச்சிக்கோ."

"என்ன சொல்றான்?"

அம்மா கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்து என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"குண்டாயிட்டேன்னு சொல்றான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் ஒரு ஊசி பட்டென்று விட்டுக்கொண்டது. அம்மா அந்த நேரம் பார்த்து அமுக்கியிருக்கிறாள். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் கால் முதல் தலை வரை இருந்தது.

அதைத்தான் வைத்தேன். அண்ணனை அவன் இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அவனுக்கு அந்தப் பக்கம் என்னை ஒட்டினேன். வேட்டிச் சீட்டை அழித்தேன். அவன் திறந்த வாயை மூடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். அவன் என்னத்தையோ சொல்ல, நான் அதற்குச் சிரிக்கிற மாதிரி வந்தது. உண்மையில் அவன் பார்ப்பது கேமராவுக்குப் பின்னால் இருந்த என்னை. நான் பார்ப்பது வாளிமேல் நின்ற அம்மாவை. யாருக்கும் அது தெரியாது.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொண்டுவந்தேன். அம்மா அதை அண்ணனின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் மாட்டவில்லை. எதிர்ச் சுவரில், டிவிக்கு மேலே மாட்டச் சொன்னாள். மாட்டிவிட்டு அரை மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய் அரிசி களைந்தாள்.

ஆடியில் வருஷ திதி. நெருங்கிய சொந்தம் மட்டும் வந்தது. படையல் போட்டு முடித்த பிறகு, அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, மல்லிகைச் சரத்தை அளந்து பார்த்தார். அண்ணன் படத்துக்குப் போட்டது போக ஒரு முழம் மிச்சம். சுற்றும்முற்றும் பார்த்தவர், டிவிக்கு மேலே இருந்த படத்தில் அண்ணனைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறப் போனார்.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அண்ணி, அதுக்குப் பூ வேணாம். அது குடும்பப் படம்."

அத்தை நாற்காலியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று படத்தை நன்றாகப் பார்த்தார். எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருத்தராக.

"நாலு பேரும் ஒன்னா இருக்கற படம் உங்க வீட்டுல இருக்குன்னு எனக்குத் தெரியாதே. நல்லா இருக்கு லா. எந்த ஸ்டூடியோவுல எடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்:

"ஸ்டூடியோவெல்லாம் இல்ல அண்ணி. நம்ம வாசல்ல தான். நான் எடுத்தேன்."